திரைக்குப் பின்னால் கேட்கும் சலங்கை

தமிழ்ச் சினிமாவைப் பல கிராமங்கள் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டன. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் பெருநகரும் அப்படிப்பட்ட ஊர்தான். இங்கும் சுற்றியுள்ள உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களிலும் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்தல் என்று எது நடந்தாலும் முதல் வேலை மைக் செட் கட்டுவது. கூம்பு ஒலிபெருக்கி மரத்தில் ஏறிவிட்டால் விடியற்காலையில் பிள்ளையார் பாட்டு; வெயில் ஏறுவதற்குள் வசனம். ‘பராசக்தி’ (1952), ‘திருவிளையாடல்’ (1965), பிறகு ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்றக் காட்சி. கழனியில் நாற்று நடுகிறவர்களின் தலைக்கு மேலே தருமியும் சிவபெருமானும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். வானொலி தன் பங்குக்கு ‘ஒலிச்சித்திரம்’ என்று முழுப்படத்தையே சுருக்கிப் பேசவிட்டது. படம் பார்க்காதவர்களுக்கும் கதை தெரியும், வசனம் மனப்பாடம், எந்த இடத்தில் அழவேண்டும் என்பதும் தெரியும்.

இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. யோசிக்கவும் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்க்காமலேயே ஒரு படம் முழுதாகப் புரிந்துவிடுகிறது என்றால், அங்கே கேமரா என்ன வேலை செய்தது?

இந்தக் கேள்வியைக் குறையாகக் கேட்கவில்லை. தமிழில் பேசும்படம் 1931இல் ‘காளிதாஸ்’ படத்தோடு வந்தபோது அதற்குக் கைகொடுத்தது நாடகக் கம்பெனி. பாடத் தெரிந்தவர்தான் நடிகர். தொடக்க காலப் படங்களில் பாட்டுகளை எண்ணுவதற்கே பொறுமை வேண்டும். அடுத்து மேடைப்பேச்சின் காலம் வந்தது. மேடையில் பேசியவர்களே திரைக்கும் எழுதினார்கள். ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் சிவாஜி கணேசன் எங்கே மூச்சை இழுக்கிறார், எங்கே குரலைத் தாழ்த்திப் பிறகு ஏற்றுகிறார் என்று கவனித்துக் கேட்டால், அந்தக் குரலே ஒரு கட்டுமானம் என்பது விளங்கும். வசனத்தைக் கேவலமாகப் பேசுகிற உலக சினிமா ரசிகர்கள் அதை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசலாம். ஆனால் அந்த வெற்றி ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. சினிமா என்றால் கதை, கதை என்றால் வசனம், மற்றதெல்லாம் அலங்காரம் என்ற எண்ணம் தயாரிப்பாளர், விமர்சகர், ரசிகர் மூவரிடமும் ஊறிவிட்டது. ‘ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை பிரமாதம்’ என்று விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் ஒருவரி எழுதிவிட்டுப் போவது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

என்ன சொல்கிறோம் என்பதைவிட எப்படிக் காட்டுகிறோம், எதைக் கேட்கவிடுகிறோம் என்பதிலிருந்துதான் அர்த்தம் பிறக்கிறது என்று நம்புகிற சினிமாவை உருவவாத சினிமா என்பார்கள். பெயரைக் கேட்டதும் பயந்து, ‘இதெல்லாம் நம்ம மக்களுக்குப் புரியாது’ என்று ஒதுக்குவது வழக்கம். கோடம்பாக்கத்தில் கதை கேட்கும் அறைகளில் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அது தப்பான வாக்கியம் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பெருநகரைச் சுற்றிய ஊர்களில் கோடைகாலத்து இரவு ஒன்று போதும்.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரம் கூத்தின் வட்டாரம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். கதையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. துரியோதனன் சாகப்போகிறான் என்பது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்காருகிறார்கள் என்றால் கதைக்காகவா?

வேஷம் வருவதைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குப் பின்னால் கட்டை வேஷக்காரர். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கில் மின்னுகின்றன. துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால். உள்ளேயிருந்து குரல் வருகிறது. முகவீணை அந்தக் குரலைப் பிடித்து இன்னும் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் கூடவே ஏறுகின்றன. துணி விலகவில்லை. கட்டியங்காரன் குறுக்கே வந்து, ‘யாருய்யா அது உள்ளே?’ என்று கேலி பேசுகிறான். அப்போதும் விலகவில்லை. சலங்கை ஒருதரம் தரையை அறைகிறது. கூட்டத்தில் தூங்கிவிழுந்த குழந்தைகூட நிமிர்கிறது. அதற்குப் பிறகுதான் துணி இறங்குகிறது. புஜக்கட்டையும் மார்பதக்கமும் கட்டி, முகத்தில் நிறம் ஏற்றி, மனிதனைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக ஓர் உருவம் கிறுகிறுவெனச் சுழன்று வருகிறது. எந்த மனிதனும் தெருவில் அப்படி நடக்கமாட்டான், அப்படிப் பேசமாட்டான். இயல்பாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே அந்தக் கலைக்கு இல்லை. துரியோதனனின் அகங்காரம் அவன் பேசும் வார்த்தையில் இருப்பதைவிட, அவன் வருகையைத் தள்ளிப்போட்ட அந்தத் துணியிலும் காதில் அறைந்த சலங்கையிலும் இருக்கிறது.

சினிமாக்காரர்கள் இதற்குப் பிரேமுக்கு வெளியிலிருந்து வரும் ஒலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சின் ராபர்ட் பிரெஸ்ஸோன் அதைத் தன் கலையின் அடிப்படை விதியாகவே வைத்துக்கொண்டார். காதால் சொல்ல முடிந்ததைக் கண்ணுக்குக் காட்டவேண்டாம் என்பது அவர் கட்சி. அவருக்கு அது கண்டடைந்த விதி. நம்மூர்க் கூத்தாடிக்கு அது ராத்திரி வேலை. செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய கூத்தில் ஒரு நவீன நாடகத்துக்கான விதையைப் பார்த்தவர் ந. முத்துசாமி. அவர் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்துதான் பசுபதியும் கலைராணியும் திரைக்கு வந்தார்கள். காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். வடிவத்துக்குப் பழகிய கண்ணும் காதும் இந்த மண்ணில் குறையவே இல்லை. தைப்பூசத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் பெருநகர் செய்யாற்றுக்கு வந்து சேரும்போதும் அப்படித்தான்: சாமி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மேளம் காதுக்கு வந்துவிடும்.

வெளியுலகத்தில் இந்த விவாதம் பேசும்படம் பிறந்த கையோடு தொடங்கிவிட்டது. 1928இல் சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாந்த்ரோவ் மூவரும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். உதடு அசைவதற்கு ஏற்ற பேச்சை ஒட்டவைப்பதோடு ஒலியின் வேலை முடிந்துவிட்டால் சினிமா மறுபடி நாடகமேடைக்குப் போய்விடும். ஒலி படத்தோடு முரண்பட வேண்டும், இரண்டும் மோதும்போதுதான் மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்பது அதன் சாரம். மூன்று வருடம் கழித்து வந்த நம் பேசும்படங்கள் எந்தப் பக்கம் போயின என்பதை நாம் அறிவோம்.

இந்தியாவில் அந்த அறிக்கையை உள்ளபடி வாங்கிக்கொண்டவர் ரித்விக் கட்டக். ‘மேகே டாகா தாரா’ (1960) படத்தில் குடும்பத்துக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் நீதா, தான் நேசித்தவன் தன் தங்கையோடு இருப்பதை அறிந்து மாடிப்படியில் இறங்கி வருகிறாள். அவள் அழவில்லை, வாயைத் திறக்கவில்லை. சாட்டையடிச் சத்தம் கேட்கிறது. அந்த வீட்டில் சாட்டை ஏது? யாரும் யாரையும் அடிக்கவில்லை. எந்த வசனமும் சொல்லியிருக்க முடியாததை அந்தச் சத்தம் சொல்லிவிடுகிறது. கட்டக் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் சொன்ன காலம் குறுகியது. அவரிடம் படித்த மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் மூன்று திசையில் போனார்கள். ஜான் வந்து தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் படமானது. வெங்கட் சாமிநாதன் எழுதிய திரைக்கதை, எம்.பி. சீனிவாசன் இசையும் நடிப்பும். தேசிய விருது பெற்ற படம் இன்றுவரை தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பார்க்காத படமாகவே இருக்கிறது. படம் எடுத்த ஊரிலாவது அதைத் திரையிட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வணிக சினிமாவுக்குள்ளேயே இந்த ஓடை அறுபடாமல் ஓடியது என்பதுதான் நம் கதையின் சுவாரசியமான பகுதி. ஏவிஎம் தயாரித்து, வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்தில் ஒரு பாட்டு கிடையாது. ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு படம் தொடங்குகிறது. சிவாஜி கணேசன் எடுத்த எடுப்பிலேயே செத்துவிடுகிறார். சங்கீதத்தில் மூழ்கிய ஒருவர்தான் பாட்டே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ராகம் தெரிந்தவருக்கு மௌனத்தின் விலையும் தெரிந்திருக்கும். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்ல, அதற்கேற்ப வெளிச்சமும் கேமரா உயரமும் மாறுகின்றன. ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடத்தில், அதே நடிகரை வைத்து எடுத்த படம் என்பதால் அதன் துணிச்சல் இன்னும் கூடுகிறது.

பிறகு இருபது வருடம் பெரிய சலனம் இல்லை. எழுபதுகளின் கடைசியில் கதவு திறந்தது. சி. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) கறுப்பு வெள்ளையில் வந்தது, கறுப்பைக் கறுப்பாகவே விடத் துணிந்த படம். முகத்தில் பாதி இருட்டில் கிடக்க நாயகி மஞ்சு தன் கதையைச் சொல்வாள். அடுத்த வருடம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’. அசோக்குமாரின் கேமரா ஊருக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் தள்ளி நிற்கும். கொடுமைகளை நேருக்கு நேர் காட்டுவதற்கு மகேந்திரனுக்கு விருப்பமில்லை. கடைசியில் ஊரே கூடி, அந்தக் கொடுமைகளைச் செய்த சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. பின்னணியில் வயலின்கள் கதறவேண்டிய இடம் என்று எந்த இயக்குநரும் நினைத்திருப்பார். மகேந்திரன் நினைக்கவில்லை. ஆறு, நிற்கும் மனிதர்கள், அப்பாவைத் தேடும் இரண்டு குழந்தைகள். நீதி கிடைத்ததா, ஊரே குற்றவாளியானதா என்று சொல்லிக்கொடுக்க இசை வரவில்லை என்பதால்தான் அந்தக் காட்சி நாற்பத்தைந்து வருடமாக நம்மைத் தொந்தரவு செய்கிறது.

சிங்கீதம் சீனிவாச ராவின் ‘பேசும் படம்’ (1987) ஒரு வார்த்தை பேசாது. சாமர்த்தியமான வேடிக்கைப் படம் என்று பலரும் அதை நகர்த்திவிடுகிறார்கள். ஒலியைப் பற்றி நம் சினிமா செய்த மிக நுட்பமான சிந்தனை அதில் ஒரு நகைச்சுவையாக ஒளிந்திருக்கிறது. கமல்ஹாசன் குடியிருக்கும் லாட்ஜுக்குப் பக்கத்தில் சினிமா தியேட்டர். ராத்திரியெல்லாம் சண்டைக்காட்சிச் சத்தம். திடீர்ப் பணக்காரனாகி ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போனதும் தூக்கம் வரவில்லை, அங்கே அவ்வளவு அமைதி. திரும்பிப் போய் அந்த இரைச்சலை டேப்பில் பதிவுசெய்து வந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். வறுமை, நகரம், பழக்கம், சினிமா என்று எல்லாவற்றையும் பற்றி அந்த ஒரு டேப்ரெக்கார்டர் பேசுகிறது. இதை ஒலிச்சித்திரமாகப் போட்டால் ஒன்றும் புரியாது. ஒலியில்லாமல் பார்த்தாலும் புரியாது. இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியம் அது. உருவவாதம் என்றால் என்ன என்று எந்தக் கல்லூரி மாணவர் கேட்டாலும் இந்த இடத்தைக் காட்டினால் போதும்.

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பாட்டு இல்லை, நாயக நாயகித்தனம் இல்லை. பின்னணிக்கு இளையராஜா அதற்கு முன்பே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பகுதிகள்; அவையும் அளந்துதான் வரும். மற்ற நேரமெல்லாம் கட்டட வேலை நடக்கும் இடத்தின் சத்தம், மழை. கீழ்நடுத்தரக் குடும்பம் வீடு கட்டுவதன் பாடு அந்தச் சத்தங்களிலேயே ஏறிக்கொண்டு போகிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழுந்த வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகிறார். சுவரைத் தடவுகிறார். அறை அறையாக நடக்கிறார். பூசாத சுவரில் கிழவரின் கை பட்டு நகர்வதை கேமரா அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் பாலுமகேந்திரா இசையை இவ்வளவு நேரம் சேமித்து வைத்திருந்தார் என்று படும். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாத்தாவின் உயிர் போய்விடுகிறது. ‘பாவம், ஆசைப்பட்டார்’ என்று யாரும் வசனம் பேச வேண்டியிருக்கவில்லை.

மிஷ்கினைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) படத்தில் பாட்டு இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஷாட்டில் கேமராவைப் பார்த்துச் சொல்லப்படும் அந்தக் கதை தமிழ் சினிமாவின் நல்ல நிமிடங்களில் ஒன்று. ஆனால் கால்களையும் குனிந்த தலைகளையும் காட்டுகிற அவர் பாணி, அடுத்தடுத்த படங்களில் தேவை இருக்கிறதோ இல்லையோ வந்து நிற்கும் கையெழுத்தாகிவிட்டது. வடிவமும் வசனத்தைப் போலவே வெறும் பழக்கமாகிவிடக்கூடும்.

அந்த ஆபத்து தெரிந்து வேலைசெய்கிறவர் பி.எஸ். வினோத்ராஜ். ‘கூழாங்கல்’ (2021) ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியபோது பத்திரிகைகள் விருதைக் கொண்டாடின. படத்தில் இருந்தது வெயிலும் காலடிச் சத்தமும்தான். ‘கொட்டுக்காளி’ (2024) அதைவிட ஒருபடி மேலே போனது. பின்னணி இசையே கிடையாது. மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார். குரல் கரகரவென்று உடைந்து வருகிறது. ஒருத்தி பேச மறுக்கிறாள், இன்னொருவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. சுற்றியிருக்கும் உறவுக்காரர்கள் நிறுத்தாமல் பேசுகிறார்கள். இந்த மூன்று ஒலிகளுக்கு இடையில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அவர்கள் போகும் ஆட்டோவின் இரைச்சல்தான் இதன் பின்னணி இசை.

வழியில் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு வருகிறது. மீனாவின் உதடு அதற்கேற்ப மெல்ல அசைகிறது. அவ்வளவுதான். பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். வெறிபிடித்து வீட்டுப் பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். அவன் எதைக் கண்டு பயந்தான்? அவள் மனதுக்குள் அவனுக்கு எட்டாத ஓர் இடம் இருப்பதை அந்த உதட்டசைவு காட்டிக்கொடுத்துவிட்டது. நம் படங்களில் ஆயிரக்கணக்கான நாயகிகள் பாட்டுக்கு உதடசைத்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தையே எடுத்து, ஒரு பெண்ணின் ஒரே சுதந்திரமாக மாற்றிவைக்கிறார் வினோத்ராஜ். தமிழ்ச் சினிமாவின் தொண்ணூறு வருடப் பாட்டுப் பழக்கத்தைத் தெரிந்தவருக்கே இந்த அடி முழுதாக விழும். அந்த வகையில் இது வெளிநாட்டு விழாவுக்காக எடுத்த படம் என்ற குற்றச்சாட்டு அபத்தம். இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேறு யாராலும் முடியாது.

தியேட்டரில் ‘முடிவே இல்லையே’ என்று எழுந்துபோனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இன்றைய பெரிய படங்களில் நாயகன் காரிலிருந்து காலை எடுத்து வைப்பதற்கே காது கிழிகிறது. எப்போது கைதட்ட வேண்டும், எப்போது கண்ணீர் விடவேண்டும் என்று ஒவ்வொரு நொடியும் இசை கட்டளையிடுகிறது. அதற்குப் பழகிய காது இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் விடப்பட்டால் பதறத்தான் செய்யும். ஆனால் இந்தக் காது பிறவியிலேயே இப்படி இல்லை. கூத்தில் திரை விலகும்வரை பொறுத்திருந்த காதுதான். அதைக் கெடுத்தது நம் காலம்.

ஒரு காரியம் மட்டும் தள்ளிப்போட முடியாதது. கதையும் வசனமும் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ‘பராசக்தி’ வசனத்தைப் புத்தகமாகப் போடலாம், ‘உதிரிப்பூக்கள்’ கதையை வாயால் சொல்லலாம். ஒளியும் ஒலியும் அப்படி இல்லை. பிரிண்ட் போனால் அவையும் போயின. இன்று இணையத்தில் கிடைக்கும் ‘அவள் அப்படித்தான்’ பிரதிகளில் இருட்டு சாம்பலாகிவிட்டது. பழைய படங்கள் பலவற்றை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டி ஏற்றுகிறார்கள், ஒலியில் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மௌனத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். தன் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவ்கள் இல்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்ட பாலுமகேந்திரா, தமிழுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மாநிலத்து அரவிந்தனின் ‘தம்பு’ (1978) புதுப்பிக்கப்பட்டு 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஓர் அறக்கட்டளை முன்வந்து செய்த வேலை அது. புனேயில் 1964இலிருந்து இருக்கும் தேசியக் காப்பகம் நாடு முழுவதற்கும் பொது. அதன் வரிசையில் தமிழ்ப் படம் எப்போது வரும் என்று காத்திருக்க நேரமில்லை. சினிமாவிலிருந்து முதலமைச்சர்களை எடுத்துக்கொண்ட மாநிலம் இது. சினிமாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனில் முதல் தவணையாக, பாலுமகேந்திரா கேட்ட அந்தக் காப்பகத்தை அரசு கட்டவேண்டும்; ‘அந்த நாள்’, ‘அவள் அப்படித்தான்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘வீடு’, ‘அக்ரஹாரத்தில் கழுதை’ ஐந்தையும் கிடைக்கிற நல்ல பிரதியிலிருந்து உடனே மீட்டெடுக்க வேண்டும். மீட்ட படத்தைச் சென்னையோடு நிறுத்தாமல் உத்திரமேரூர் மாதிரியான ஊர்களின் பள்ளிகளுக்கும், நல்ல ஒலிபெருக்கியோடு, அனுப்பிவைக்க வேண்டும்.